மணிக்கட்டில் ஓ.டி.

"இன்னாப்பா அது, கையில?"

திங்கட்கிழமை காலை ஏழே முக்காலுக்கு, வருகைப் பதிவு மெஷினில் ரெனால்ட் விரலை வைத்த நேரத்தில் மனிதவள மேலாளர் ஜான்சன் இப்படிக் கேட்டார். அவர் பார்த்தது விரலை அல்ல, மணிக்கட்டை. அங்கே ஒரு வெள்ளைத் துணிப் பட்டை இறுக்கமாகக் கட்டியிருந்தது. அதன் மேல் கறுப்பில் இரண்டே இரண்டு ஆங்கில எழுத்துகள். ஓ, டி.

அதை மறைக்கத்தான் அந்த வெயிலிலும் ரெனால்ட் முழுக்கைச் சட்டை போட்டு வந்திருந்தான். கையை நீட்டினால் சட்டைக் கை மேலே ஏறும் என்பதை மட்டும் யோசிக்கவில்லை. பெரிய விஷயங்களை நிறைய யோசிக்கிறவர்களுக்கு இப்படித்தான் ஆகிறது.

அந்த ஓ.டி.க்கு உண்மையான விரிவு 'ஓயாத தாளம்'. சென்னையில் கடற்கரை ஓரமாக வருஷத்துக்கு ஒருமுறை சனி, ஞாயிறு இரண்டு நாள் நடக்கிற இசைவிழா. பறை, கானா, ராப், கிட்டார் எல்லாம் ஒரே மேடையில் ஏறும். பாட்டுக்கு நடுவே நிலம், கூலி, சாதி, ஏரி என்று ஒவ்வொன்றைப் பற்றியும் ஒருவர் வந்து பேசுவார். உள்ளே போகிறவர்கள் கையில் இந்தப் பட்டையை மாட்டிவிடுவார்கள். அது இறுகுமே தவிரத் தளராது. வெட்டினால்தான் கழலும். மூன்றாவது வருஷமாகப் போய்வருகிற ரெனால்டுக்கு வெட்ட மனசு வரவில்லை. ஒரு வாரமாவது கையில் இருக்கட்டுமே என்று விட்டுவைத்தான்.

அங்கே அவனுக்கு எல்லாமே பிடிக்கும். மெட்ரோ ரயில், கடல்காற்று, முன்பின் தெரியாதவர்கள் தோள்மேல் கை போடுவது. தெரிந்த முகம் ஒன்றுகூட இல்லை என்பது எல்லாவற்றையும்விடப் பிடிக்கும். ஆம்பூரிலிருந்து இப்படிப்பட்ட இடத்துக்கு வருகிற ஒரே ஆள் தான்தான் என்று உள்ளுக்குள் ஒரு கர்வமும் உண்டு. ஏற்றுமதிக்குத் தேறாமல் கம்பெனியே சல்லிசாகக் கொடுத்த கனமான பூட்ஸைப் போட்டுக்கொண்டு, இரண்டு நாளும் குதித்துத் தீர்த்திருந்தான். தொழிலாளர் உரிமையைப் பற்றிய கடைசிப் பாட்டுக்குக் கூட்டத்திலேயே உயரமாக நின்ற கை அவனுடையதுதான். கண்ணில் தண்ணீர்கூட வந்தது. அது நடிப்பு இல்லை.

நடிப்பெல்லாம் இந்தப் பக்கம்தான். ஆம்பூர் பைபாஸ் ஓரத்து ஷூ கம்பெனி ஒன்றில், மூன்றாவது லைனில் தரம் பார்க்கிற வேலை அவனுக்கு. கம்பெனியில் காய்ச்சல் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தான். மனைவி ஜெனிஃபாவிடம், "ராணிப்பேட்டை யூனிட்ல ரெண்டு நாள் ஓ.டி." என்று சொல்லியிருந்தான். அவள் அதை ஓவர்டைம் என்று எடுத்துக்கொண்டால் அது அவள் பொறுப்பு, ராணிப்பேட்டை ஒன்றைத் தவிர மற்றதெல்லாம் உண்மைதானே என்று ரயிலில் தன் மனசாட்சிக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டான். திரும்பி வந்தபோது கையில் இருந்த பட்டையையும் அவள் அதே ஓ.டி. என்றுதான் எடுத்துக்கொண்டாள்.

வரும் வெள்ளிக்கிழமை சூப்பர்வைசர் பட்டியல் ஒட்டப்போகிறார்கள். அதில் அவன் பெயர் இருப்பதாக ஜான்சனே காதில் போட்டிருந்தார். ஏழு வருஷமாகக் காத்திருந்த பட்டியல். பொய் லீவு என்று தெரிந்தால் பட்டியல் மட்டும் போகாது, வேலையும் போகும். போன மாதம் காய்ச்சல் என்று சொல்லிவிட்டு ஏலகிரியில் படகு ஓட்டிப் போட்டோ போட்ட ஒருவனை இதே ஜான்சன்தான் வீட்டுக்கு அனுப்பினார்.

"அது வந்து சார்..." என்று ரெனால்ட் இழுத்தான்.

"ஓ.டி.ன்னு போட்டிருக்குது பாருங்க சார். ஆபரேஷன் தியேட்டர். ஆஸ்பத்திரிப் பட்டை."

சொன்னது பின்னால் வரிசையில் நின்ற முத்துமாரி. பேஸ்டிங் பிரிவில் ஷூவின் அடிப்பாகத்துக்குப் பசை தடவுகிற பெண். ஆலங்காயம் பக்கத்திலிருந்து கம்பெனி பஸ்ஸில் தலை நிமிராமல் வருவாள், தலை நிமிராமல் போவாள். இன்று காலை விந்திக்கொண்டு வந்திருந்தாள்.

வேலூரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வாழ்கிற ஜனங்களுக்குக் கையில் பட்டை என்றால் ஆஸ்பத்திரிதான். ஓ.டி. என்று கேட்டால் ஒன்று ஓவர்டைம், இல்லையென்றால் ஆபரேஷன். மூன்றாவதாக ஒன்று இருக்கும் என்று இந்தப் பக்கத்தில் யாருக்கும் தோன்றாது. ரெனால்ட் நன்றியோடு தலையை ஆட்டினான்.

"காய்ச்சல்னுதானே சொன்னே?" என்றார் ஜான்சன்.

"காய்ச்சல்லதான் சார் ஆரம்பிச்சுது."

எங்கே ஆபரேஷன் என்று அவர் கேட்டார். அவன் கை தன்னை அறியாமல் மூக்கைத் தொட்டது. தொட்ட பிறகு மாற்ற முடியவில்லை. மூக்கில் என்ன ஆபரேஷன் என்று அடுத்து கேட்டார். அதற்கும் பதில் முத்துமாரியிடம்தான் இருந்தது.

"சொல்யூஷன் வாசனையாலதான் சார் இருக்கும். எங்க பக்கத்துல நின்னுதானே அண்ணன் செக் பண்றாரு. நாலு மாசமா எக்ஸாஸ்ட் ஃபேன் ஓடலல்ல."

சொல்யூஷன் என்பது அந்தப் பசை. நாள் முழுக்க அதன் நெடியில் நின்றால் தலை சுற்றும், கண் எரியும். நெடியை வெளியே தள்ளுகிற நான்கு காற்றாடிகளும் நாலு மாதமாகச் சும்மா தொங்கிக்கொண்டிருந்தன. பெண்கள் மனு எழுதினார்கள். தமிழ் நன்றாக எழுதுகிறவன் என்று ரெனால்டிடம் கொண்டுவந்து காட்டினார்கள். அவன் ஐந்து எழுத்துப்பிழைகளைத் திருத்தி, 'தாழ்மையுடன்' என்ற சொல்லை இரண்டு இடத்தில் சேர்த்துக் கொடுத்தான். கையெழுத்து மட்டும் போடவில்லை. சமயம் பார்த்து நானே பேசுகிறேன் என்றான். சமயம் இன்னும் வந்திருக்கவில்லை.

ஜான்சனுக்கு முகம் வெளுத்துவிட்டது. வியாழக்கிழமை ஷூக்களை வாங்குகிற வெளிநாட்டு பையர் சார்பில் ஆடிட் வருகிறது. பேச்சை மாற்ற நினைத்து முத்துமாரியின் பக்கம் திரும்பி, நீ ஏன் சனிக்கிழமை வரவில்லை என்று கேட்டார். அவள் காலைத் தூக்கிக் காட்டினாள். கட்டைவிரலில் பெரிய கட்டு.

"லாஸ்ட் கால்ல உழுந்துருச்சு சார்."

ஷூவை ஏற்றி வைத்துச் செய்கிற பிளாஸ்டிக் பாத அச்சுக்கு அந்தப் பெயர். விழுந்தால் வலிக்கும்தான். ஒரே காலையில் இரண்டாவது விபத்தைக் கேட்க ஜான்சனுக்குத் தெம்பில்லை. இரண்டு பேரையும் உள்ளே போகச் சொல்லிவிட்டு, "டிஸ்சார்ஜ் சீட்டை மட்டும் குடுத்துடு" என்று ரெனால்டிடம் மெதுவாகச் சொன்னார்.

பத்து மணி டீக்குள் செய்தி கட்டிங் பிரிவைத் தாண்டிப் பேக்கிங் வரை போய்விட்டது. போகப் போக வளர்ந்தது. மூக்கில் பாதியை எடுத்துவிட்டார்கள் என்று ஒரு கட்சி. மூக்கு இருக்கிறது, வாசனைதான் போய்விட்டது என்று இன்னொரு கட்சி. லைன் சூப்பர்வைசர் முனீர் அகமது இரண்டில் எது உண்மை என்று பார்த்துவிடத் தீர்மானித்தார். புறங்கையில் அத்தரைத் தடவி ரெனால்டின் மூக்குக்கு நேராக நீட்டினார்.

"தெரியுதா தோஸ்த்?"

ஏழு அடி தள்ளி நின்றாலே தெரிகிற அத்தர் அது. "கம்மியாத்தான் தெரியுது பாய்" என்றான் ரெனால்ட். முனீர் பாய் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அந்த நல்ல மனுஷரை ஏமாற்றியது ரெனால்டுக்குப் பசையின் நெடியைவிட அதிகமாகக் குமட்டியது.

ஆபரேஷன் ஆன மூக்கில் ஒரு கட்டுகூட இல்லையே என்று யாரோ கேட்டுவிட்டார்கள். மதிய இடைவேளையில் மெடிக்கல் ஷாப்புக்கு ஓடி, பஞ்சும் பிளாஸ்திரியும் வாங்கி மூக்கின் மேல் குறுக்காக ஒட்டிக்கொண்டான். அதுதான் பெரிய தப்பு. அதுவரை காதால் கேட்டதை இப்போது கண்ணால் பார்த்தார்கள். பேஸ்டிங் பிரிவில் நாற்பது பெண்களும் பிரஷ்ஷைக் கீழே வைத்துவிட்டு அவனையே பார்த்தார்கள்.

சாயந்தரம் வீட்டுக்குப் போகுமுன் பஸ் நிலையக் கழிவறையில் பிளாஸ்திரியைப் பிய்த்தான். மறுநாள் காலை அதே இடத்தில் திரும்ப ஒட்டினான். மூக்கு நிஜமாகவே புண்ணாக ஆரம்பித்தது.

செவ்வாய்க்கிழமை, இதற்கு ஒரு முடிவு கட்டிவிடலாம் என்று நேராக ஜான்சன் அறைக்குப் போனான். மூக்கு தேறிவிட்டது, பசைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, டிஸ்சார்ஜ் சீட்டை எங்கேயோ தொலைத்துவிட்டேன் என்று ஒரே மூச்சில் சொன்னான். அவனைக் கட்டிக்கொள்ளாத குறையாக ஜான்சன் சந்தோஷப்பட்டார். 'எனது நோய்க்கும் நிறுவனத்துக்கும் எவ்விதத் தொடர்பும் இல்லை' என்று ஏற்கெனவே டைப் அடித்து வைத்திருந்த தாளை மேஜையில் வைத்தார்.

"கையெழுத்துப் போடு. வெள்ளிக்கிழமை சமாச்சாரத்த நான் பாத்துக்கறேன்."

ரெனால்ட் பேனாவை எடுத்தான். சொல்லப்போனால் அந்தத் தாளில் இருந்தது உண்மைதான். ஆனால் அந்த நாற்பது பேரின் முகம் கண்முன் வந்து நின்றது. கை ஓடவில்லை. அந்த நேரம் பார்த்துக் கதவு திறந்தது. லீவு சீட்டோடு முத்துமாரி நின்றுகொண்டிருந்தாள். தாளைப் பார்த்தாள், பேனாவைப் பார்த்தாள், விந்தியபடி திரும்பிப் போனாள்.

பத்து நிமிஷத்தில் பேஸ்டிங் பிரிவு தரையில் உட்கார்ந்துவிட்டது. அண்ணனை மிரட்டி எழுதி வாங்குகிறார்கள் என்று ஒருத்தி சொல்ல, அதையே எல்லாரும் நம்பிவிட்டார்கள். ஆளுக்கு இரண்டு லாஸ்ட்டைக் கையில் எடுத்து ஒன்றோடொன்று தட்டினார்கள். இரண்டு தட்டு மெதுவாக, மூன்று தட்டு வேகமாக. கூரைத் தகடு அதிர்ந்தது.

ஓடிவந்த ரெனால்டுக்குப் புல்லரித்தது. ஞாயிற்றுக்கிழமை கடைசிப் பாட்டுக்குப் பறையில் அடித்த அதே அடி. எனக்கு மூளை கெட்டுப்போய்விட்டது, இனிமேல் எதைக் கேட்டாலும் அந்தத் தாளமாகத்தான் கேட்கும் என்று பயந்தான். பயந்தபடியே அவன் வலது கால் தானாகத் தட்ட ஆரம்பித்தது.

முனீர் பாய் அதைக் கவனித்துவிட்டார். "யா அல்லா, காலும் இழுக்குதா?" என்றார்.

மூக்கிலிருந்து நோய் காலுக்கு இறங்கிவிட்டதாகப் புதுச் செய்தி கிளம்பியது. தயவுசெய்து எழுந்து வேலையைப் பாருங்கள் என்று ரெனால்ட் பெண்களிடம் கெஞ்சினான். நம்மளுக்காக எப்படிப் பயப்படறார் பார் என்று அவர்கள் இன்னும் அழுத்தமாக உட்கார்ந்தார்கள். ஆடிட் முடிவதற்குள் பதில் சொல்கிறோம் என்று ஜான்சன் வாக்குக் கொடுத்த பிறகுதான் எழுந்தார்கள்.

புதன்கிழமை சாயந்தரம் ஒரு பை ஆப்பிளும் ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலுமாக ஜான்சன் வீட்டுக்கே வந்துவிட்டார். ஜன்னல் வழியாக அவரைப் பார்த்த ரெனால்ட் உள்ளறைக்குள் பாய்ந்து, தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு, தண்ணீர் இல்லாத பாத்திரத்தின் மேல் குனிந்து ஆவி பிடிக்க உட்கார்ந்தான். கதவைத் திறந்தது ஜெனிஃபா. பேரணாம்பட்டில் பள்ளிக்கூட டீச்சர். புருஷனின் மேலாளர் வீடு தேடி வந்ததில் அவளுக்குப் பெருமை.

"ஓ.டி. நல்லபடியா முடிஞ்சுதாம்மா?" என்று ஜான்சன் ஆரம்பித்தார்.

"நல்லபடியா முடிஞ்சுது சார். ரெண்டு நாளும் நின்னுக்கிட்டேதான் இருந்தாராம்."

"நின்னுக்கிட்டேவா?"

"உக்கார எடமே இல்லியாம் சார். அத்தினி கூட்டமாம்."

ஜான்சன் ஆப்பிள் பையை மெதுவாகக் கீழே வைத்தார். "ரொம்ப வலியிருந்திருக்குமே."

"கால்தான் வலின்னாரு. ஆனா மாசத்துக்கு ஒண்ணு வச்சாக்கூடப் போவேன்னு சொல்றாரு சார். அவ்ளோ இஷ்டம்."

"எந்த ஆஸ்பத்திரிம்மா அது?"

"ஆஸ்பத்திரியா?" என்றாள் ஜெனிஃபா.

உள்ளறையிலிருந்து ஒரு இருமல் கிளம்பியது. வீடே ஆடுகிற மாதிரி விடாமல் இருமினான் ரெனால்ட். ஜான்சன் எழுந்தே விட்டார். நான் வந்ததைப் பெரிதுபடுத்த வேண்டாம், உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள் என்று சொல்லிக்கொண்டே செருப்பை மாற்றி மாட்டிக்கொண்டு போனார்.

ஜெனிஃபா உள்ளே வந்து துண்டை விலக்கினாள். பாத்திரத்தைப் பார்த்தாள். புண்ணான மூக்கைப் பார்த்தாள். அதற்கு மேல் மறைக்க அவனிடம் ஒன்றும் இல்லை. சனிக்கிழமை ரயிலிலிருந்து ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னான். சொல்லிவிட்டு அடிக்குக் காத்திருக்கிறவனைப் போல உட்கார்ந்திருந்தான்.

பாட்டுக்குப் போனதைப் பற்றி அவள் கோபப்படவில்லை. சொல்லியிருந்தால் நானும் வந்திருப்பேனே என்றாள். அந்தத் தரையில் உட்கார்ந்த பெண்களைப் பற்றித்தான் இரண்டு முறை கேட்டாள்.

"மெட்ராஸ்ல ஆயிரம் பேருக்கு நடுவுல கை தூக்கறீங்க. இங்க நாப்பது பேர் உங்களுக்காகக் கீழ உக்காந்திருக்காங்க, நீங்க துண்டு போட்டு மூஞ்சிய மூடிக்கினு இருக்கீங்க."

அவமானத்தில் ரெனால்டுக்குக் காது சுட்டது. மூன்று வருஷமாகக் கேட்ட எந்தப் பாட்டும் அப்படிச் சுட்டதில்லை. நாளைக்கு உண்மையைச் சொல்லிவிடுவது, வேலை போனால் போகட்டும் என்று முடிவு செய்தான்.

வியாழக்கிழமை ஆடிட்டுக்கு வந்தவர் மேகலா என்ற அம்மா. சென்னைக்காரர். கையில் ஒரு நோட்டு, கழுத்தில் கண்ணாடிக் கயிறு. பேஸ்டிங் பிரிவில் கால் வைத்ததும் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, இங்கே யாருக்கோ உடம்பு முடியாமல் போயிற்றாமே, யார் அது என்று கேட்டார். நாற்பது பேரும் ரெனால்டைப் பார்த்தார்கள். ஜான்சனும் பார்த்தார். அந்தப் பார்வையில் வெள்ளிக்கிழமை இருந்தது.

ரெனால்ட் பிளாஸ்திரியைப் பிய்த்தான்.

"மேடம், நான் ஆஸ்பத்திரிக்கே போகல. எனக்கு ஆபரேஷனும் நடக்கல."

சொல்லி முடித்துவிட்டோம் என்று இருந்தது. அந்த நிம்மதி மூன்று விநாடிதான் நீடித்தது.

"அண்ணன் பயந்துபோயிருக்காரு மேடம்," என்றாள் முத்துமாரி. "செவ்வாக்கிழமை ரூமுக்குக் கூப்ட்டு எழுதித் தரச் சொன்னாங்க. நான் பாத்தேன்."

மேகலா ஜான்சன் பக்கம் திரும்பினார். அந்தத் தாளைக் காட்டுங்கள் என்றார். அது இன்னும் கையெழுத்தில்லாமல் ஜான்சனின் ஃபைலில் முதல் தாளாகவே இருந்தது. படித்துவிட்டு, கண்ணாடியைக் கழற்றி, ரெனால்டின் சிவந்த மூக்கை ரொம்ப இரக்கத்தோடு பார்த்தார். "பயப்படாதீங்க தம்பி" என்றார். நெசமாவே போகல மேடம் என்று ரெனால்ட் கெஞ்சினான். அவர் நோட்டில் எழுதியது அவனுக்குத் தலைகீழாகத் தெரிந்தது. 'உண்மையைச் சொல்ல அஞ்சுகிறார்.'

கம்பெனியில் முதல்முறையாக உண்மையைச் சொல்லி நின்றவனை யாரும் நம்பவில்லை. ரெனால்டுக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது. இனி காப்பாற்ற எதுவும் மிச்சமில்லை என்று தெரிந்தபோது பயமும் பாதி விட்டுப்போயிற்று.

"என்னை உட்ருங்க மேடம். நாலு மாசமா ஃபேன் ஓடல. அது நெசம். அத எழுதிக்குங்க."

முத்துமாரி அந்தப் பழைய மனுவை நீட்டினாள். பசைக் கறை பட்டு ஓரம் மடங்கியிருந்தது. தான் சேர்த்த இரண்டு 'தாழ்மையுடன்'களும் அவனைப் பார்த்தன. இரண்டையும் அடித்துவிட்டுக் கீழே கையெழுத்துப் போட்டான். எழுத்து கோணலாக விழுந்தது. ஆனால் கடற்கரையில் கை தூக்கியபோது வராத ஏதோ ஒன்று அப்போது நெஞ்சுக்குள் வந்தது. அதற்குப் பெயர் சந்தோஷமா பயமா என்று அவனுக்குப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை மதியத்துக்குள் நான்கு புதுக் காற்றாடிகள் ஓடின. நோட்டீஸ் போர்டில் இரண்டு தாள் ஒட்டியிருந்தது. சூப்பர்வைசர் பட்டியலில் ரெனால்டின் பெயர் இல்லை. இரண்டு முறை படித்தும் இல்லை. பக்கத்துத் தாள் பையர் சொல்லி அமைத்த பாதுகாப்புக் குழு. தொழிலாளர் பிரதிநிதி என்ற இடத்தில் அவன் பெயர் மட்டும் இருந்தது. இனி எது ஓடவில்லை என்றாலும் அவன்தான் போய்ப் பேச வேண்டும். அவ்வழியே போன ஜான்சன் மூக்கு எப்படி இருக்கிறது என்று கேட்டார். பதிலுக்கு நிற்கவில்லை.

சூப்பர்வைசர் ஆகாத வருத்தம் இருக்கத்தான் செய்தது. அதைவிட, தன் பொய்யை நம்பித் தரையில் உட்கார்ந்த பெண்களை நினைத்தால் சோறு இறங்கவில்லை. ஒருத்தியிடமாவது சொல்லிவிட வேண்டும் என்று சாப்பாட்டு நேரத்தில் முத்துமாரியிடம் போனான். அவள் புதுக் காற்றாடிக்குக் கீழே உட்கார்ந்து டப்பாவைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"முத்துமாரி, உன்கிட்ட ஒரு உண்மையச் சொல்லணும். இந்தப் பட்டை இருக்குதுல்ல..."

அவள் கையைத் துடைத்துக்கொண்டு, நூல் வெட்டுகிற சின்னக் கத்தரியை எடுத்து, அவன் மணிக்கட்டைப் பிடித்துப் பட்டையை எழுத்து சிதையாமல் ஓரமாக வெட்டினாள். அழகாக மடித்து அவன் உள்ளங்கையில் வைத்தாள். பிறகு முதல்முறையாகத் தலை நிமிர்ந்து அவனைப் பார்த்தாள்.

"அடுத்த வருஷம் அந்த பூட்ஸ மட்டும் போட்டுக்கினு வராதீங்கண்ணா, கடைசிப் பாட்டுக்கு நீங்க குதிச்சதுல பின்னாடி நின்ன என் வெரலே போச்சு."